மூச்சு விடற துணி

சித்தெ நவுந்துக்குங்க, இந்தப் பையக் கால்கிட்ட வெச்சுக்கறேன். இல்லீங்க, மேல வேண்டாம். வளைவுல உருண்டு யாரு தலைலயாவது விழுந்தா வம்பு. கனமெல்லாம் இல்ல, துணிதான். தலகாணியான்னு கேக்கறீங்களா? கண்டக்டரும் அதத்தான் கேட்டாரு. தலகாணி இல்லீங்க. இதுக்குப் பேரு பிவி பை. மொதல்ல என்ற சம்சாரம் சொன்னப்ப எனக்கு டீவி பைன்னு காதுல விழுந்துச்சு. டீவிக்கு எதுக்கு உறைன்னு கேட்டேன். சிரிச்சா. அது ஆடி மாசம். அப்பல்லாம் சிரிச்சுட்டுத்தான் இருந்தா.

மேட்டுப்பாளையம் போக எவ்வளவு நேரமாகுமுங்க? ஒண்ணேகால் மணி நேரமா. வெடியால ஏறி வர்றப்ப அஞ்சாறு மணி நேரம் ஆன மாதிரி இருந்துச்சு. இந்த ஜன்னலு சாத்தாதுங்களா? சரி, கெடக்கட்டும். உங்களுக்குக் குளுருச்சுன்னா சொல்லுங்க, எடம் மாறிக்கலாம்.

என்ற பேரு நாச்சிமுத்து. திருப்பூருங்க. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில முப்பத்தோரு வருசம் துணி செக்கிங் பாத்து, போன வருசந்தான் நின்னேன். பனியன் துணில ஆரம்பிச்சு, கடைசி எட்டு வருசம் மழைக்கோட்டு. துணிய ஒரு சட்டத்துல இறுக்கி மாட்டி, அடில இருந்து தண்ணிய அழுத்தி ஏத்துவாங்க. எந்த அழுத்தத்துல மொதச் சொட்டு மேல எட்டிப் பாக்குதுன்னு குறிக்கோணும். அந்த மிஷினுக்கு முன்னால நின்னவன் நானு. நான் சரின்னு சீல் வெச்ச துணி ஒழுகுதுன்னு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லீங்க. பெருமைக்குச் சொல்லல. பின்னால சொல்லப்போறது வெளங்கோணும்னா இது தெரியோணும், அதுக்குத்தான்.

என்ற சம்சாரம் கலாமணி. தபாலாபீசுல கவுண்டர்ல வேல. ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு, ஓசூர்ல இருக்குது. ஊட்டுல நாங்க ரெண்டே பேருதான். மூணு வருசத்துக்கு முந்தி கலாவுக்குச் சளிக்காச்சல்னு ஆரம்பிச்சு நிமோனியாவாயிருச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நிமிசத்துக்கு எத்தன மூச்சுன்னு நர்சம்மா எண்ணறதப் பாத்துப் பாத்து நானே எண்ண ஆரம்பிச்சுட்டேன். நெஞ்சு ஏறி எறங்குனா ஒண்ணு. மொத ரெண்டு நாள் முப்பத்திரண்டு, முப்பத்தினாலுன்னு ஓடுச்சு. நாய் இரைக்கற மாதிரி. மூணாம் நாள் டாக்டரு என்னைய வெளிய கூப்பிட்டு, பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேட்டாரு. எதுக்குச் சொல்லோணும்னு எனக்குப் புரியல. புரிஞ்சப்ப அந்த வராண்டாவுல உக்காந்துட்டேன்.

பொழச்சு வந்துட்டா. வந்துட்டா, அதோட முடிஞ்சுதுங்களா? அதுக்கப்பறம் பாத்துக்கறது யாரு? நாந்தானே. ஃபேனு போடறதில்ல. மேக்கால ஜன்னலு தொறக்கறதில்ல. பொழுதுவிழுந்தா காதுக்கு மப்ளரு. கழுத்து வரைக்கும் கம்பளி போத்திவிட்டுத்தான் நான் படுப்பேன். வேண்டாம்பா. நான் கேக்க மாட்டேன். கேட்டா முடியுங்களா? நீங்களே சொல்லுங்க.

டாக்டரு நடக்கச் சொன்னாரு. பார்க்குல நடந்தா. அங்க யாரோ ஞாயித்துக்கெழமை மலைக்குப் போற கூட்டத்தப் பத்திச் சொல்ல, அதுல சேந்துட்டா. கோயமுத்தூர் ரெஜினாம்மான்னு ஒருத்தங்க, காலேஜுல வேல பாத்து ரிட்டையரானவங்க, அவிங்கதான் கூட்டிட்டுப் போறது. ரெண்டு மாசத்துல சலிச்சுப் போகும்னு விட்டேன். சலிக்கல. ஆடி மாசம் வந்து சொல்றா, கார்த்திகைல கோத்தகிரிக்கு மேல ஒரு எஸ்டேட்டுல மூணு நாள் தங்கப் போறோம், கூடாரம் கெடையாதுன்னு.

கூடாரம் இல்லாம எப்படிங்க தங்கறது? ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி, தார்ப்பாய் ஒண்ணச் சரிவா இழுத்துக் கட்டுவாங்களாம். சுத்திலயும் தொறந்துதான் கெடக்கும். அதுக்கடில வரிசையாப் படுக்கறது. ஆளாளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக்கு. சாரலும் பனியும் பட்டு அது நனையாம இருக்க, அதுக்கு மேல மெல்லிசா ஒரு உறை. அந்த உறைதான் இந்தப் பிவி பை. உள்ள நுழைஞ்சு ஜிப்பு இழுத்துட்டா ஒரு ஆளு படுக்கலாம். ஒரே ஒரு ஆளுதான்.

நான் சொன்னேன், அப்படின்னா நானும் வர்றேன், ரெண்டு பேரு படுக்கற கூடாரமா வாங்கிக்கலாம்னு. நியாயமாத்தானே சொன்னேன்? அவ தட்டுல இருந்து தலயத் தூக்கல. இது நான் மட்டும் போறதுங்கன்னா.

சரி, போகட்டும். ஆனா துணி விசயத்துல நான் வாய மூடிட்டு இருக்க முடியுங்களா? அவ ஒரு நோட்டுப் போட்டு எழுதிட்டு இருந்தா. கனம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, மேல்துணி என்ன, அடித்துணி என்ன. சமையக்கட்டுத் தராசுல அவ சாமானம் ஒவ்வொண்ணா வெச்சு எடை பாக்கறது. முதுகுல சுமக்கறது அவதானே, ஒரு டம்ளரு கூடுனாலும் யோசிப்பா. ரெஜினாம்மாகிட்டக் கேட்டு, இன்னும் நாலு பேருகிட்டக் கேட்டு, புரட்டாசி கடைசில ஒண்ண வாங்குனா. கையில வெச்சா ஒரு மாம்பழக் கனந்தான் இருக்கும். அடிப்பக்கம் நல்ல கோட்டிங், தரை ஈரம் ஏறாது. மேல்பக்கம் வெங்காயத்தோலு மாதிரி மெல்லிசு, மூஞ்சிக்கு நேரா கொசுவலை. அந்த மேல்துணில பனி பட்டா உருண்டு ஓடிரும், மழை கொட்டுனா தாங்காது. மழையத் தார்ப்பாய் பாத்துக்கும், எனக்கு மூச்சு விடற துணிதான் வேணும்னா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கலீங்க. அவ ஆபீசுக்குப் போனதும் அதக் கொண்டுபோய் வாசல்ல விரிச்சு, உள்ளார செய்தித்தாள வெச்சு, பூவாளில தண்ணி ஊத்துனேன். இருபது நிமிசம். எடுத்துப் பாத்தா பேப்பர்ல பொட்டுப் பொட்டா ஈரம். பொழுதோட அவ வந்ததும் அந்தப் பேப்பரக் கையிலயே குடுத்தேன். பாத்தா. பாத்துட்டு, தார்ப்பாய்க்கு அடில என்ற மேல பூவாளில தண்ணி ஊத்தறது யாருங்கன்னு கேட்டா. காத்து திரும்புனா சாரலு உள்ள அடிக்குமேன்னேன். அவ பேப்பர மடிச்சுக் கூடைல போட்டுட்டு உள்ள போயிட்டா.

அப்பறம் நான் ஒண்ணு வாங்குனேன். இதுதான், கால்கிட்ட இருக்கறது. மேலயும் கீழயும் கோட்டிங். தையலு பூரா உள்பக்கம் டேப்பு ஒட்டுனது. தொட்டுப் பாருங்க. நம்ம கம்பெனி மழைக்கோட்டுக்கு ஒரு படி மேல. அவளோடத மாதிரி மூணு பங்கு கனம், அதனால என்னங்க? உசுரு பெருசா கனம் பெருசா?

அதயும் ஒரு தடவ பாத்துடறேன்னு அவளே சொன்னா. நான் சொன்னதுக்காகத்தான். ஐப்பசி கடைசில மழை விட்டு நல்ல குளுரு. மொட்டை மாடில படுத்தா. நான் வெடியால அஞ்சு மணிக்கு மேல போறேன், எந்திரிச்சு உக்காந்திருக்கறா. தலமுடி நெத்தியோட ஒட்டிக் கெடக்குது. ஸ்லீப்பிங் பேக்கு மேல கை வெச்சேன், நனஞ்சிருந்துச்சு. பனின்னேன். பனி வெளிலதானுங்க பேயும், இது உள்ள இருந்து வந்ததுன்னா. மூச்சு முட்டுதுங்கன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? ஜிப்ப நாலு வெரக்கட தொறந்து வெச்சுக்கோணும், அப்பத்தான் சரியா வரும்னேன்.

அவ அந்தப் பையச் சுருட்டி என்ற கையில குடுத்தா. அப்பறம், இது எனக்கு ஆகாது, திருப்பி அனுப்பிருங்கன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா. அனுப்பறேன்னு சொன்னேன். அனுப்பல.

இது எத்தனாவது வளைவுங்க? எட்டா. இன்னும் கெடக்குதுங்களா. சரி.

நேத்து முந்தாநாளு, வெள்ளிக்கெழமை, அவ கெளம்புற நாளு. வெடியால குளிக்கப் போயிட்டா. அவ முதுகுப்பை கட்டி முடிச்சு ஹால்ல சாத்தி வெச்சிருந்துச்சு. வானிலைச் செய்தில மலைப்பக்கம் மழை இருக்கும்னு சொன்னாங்க. நான் தொறந்தேன். அவளோட மெல்லிசுப் பைய எடுத்துட்டு என்றத வெச்சேன். ஒவ்வொண்ணுக்கும் சின்னதா ஒரு சுருக்குப்பை இருக்கும், அதுக்குள்ளதான் சுருட்டி வெக்கறது. அவ சுருக்குப்பைக்குள்ள என்றதத் திணிச்சு வெச்சேன். பாத்தா தெரியக்கூடாதில்லீங்களா. கொஞ்சம் பிதுங்கிட்டு இருந்துச்சு. மேல ஒரு துண்டப் போட்டு மூடுனேன். அவ வந்து பையத் தூக்கி மாட்டுனா. ஒரு நிமிசம் நின்னா, கனம் தெரிஞ்சிருக்கும் போல. ஆனா பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வர்றேனுங்கன்னுட்டுப் போயிட்டா.

அது தப்புன்னு நீங்க நெனைக்கறீங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. பரவால்லீங்க.

அன்னிக்குப் பொழுதோட போன்ல ஒரு செய்தி வந்துச்சு. வந்து சேந்துட்டோம். பை மாறியிருக்கு. பரவாயில்லை. அவ்வளவுதான். நான் போன் போட்டேன், எடுக்கல. ரெஜினாம்மாவுக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியன்னுது. அந்தப் பரவாயில்லைங்கறது என்னைய உக்காரவே விடல. திட்டியிருந்தா நான் நிம்மதியா டீ குடிச்சிருப்பேன்.

சமையக்கட்டுக்கும் வாசலுக்குமா நடந்துட்டு இருந்தேன். என்ற பையோட சுருக்குப்பை மட்டும் கட்டில் மேல கெடந்துச்சு. அதுவும் அதே துணிதான். எனக்கு என்ன தோணுச்சோ, ஒரு டம்ளர்ல வெந்நி கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அந்தத் துணிய வாயில இறுக்கிக் கட்டுனேன். மேல ஒரு கண்ணாடித் தட்டக் கவுத்தேன். பக்கத்துல இன்னொரு டம்ளரு, அதுல அவளோட மெல்லிசு. அவ பையோட மேல்துணி ஒரு ஓரத்த இழுத்துக் கட்டுனேன். அதுக்கும் ஒரு தட்டு. பத்து நிமிசம். அவளோடது மேல இருந்த தட்டு பூரா ஆவி படிஞ்சு வெள்ளையா இருந்துச்சு. துணி காஞ்சு கெடந்துச்சு. என்றது மேல இருந்த தட்டு பளிச்சுன்னு இருந்துச்சு. கட்ட அவுத்துத் துணியத் திருப்புனேன். அடில தண்ணி கோத்துட்டு நிக்குது. கையில சொட்டுச்சு.

எட்டு வருசம் அந்த மிஷினுக்கு முன்னால நின்னு, தண்ணி உள்ள வருதான்னு மட்டுந்தாங்க பாத்திருக்கறேன். உள்ள இருக்கறது வெளிய போகோணுமேன்னு ஒரு நாள் நெனச்சதில்ல. அதுக்குன்னு வேற டெஸ்ட்டு இருந்துச்சு, வேற ஆளு பாத்தாரு. என்ற டேபிளுக்கு அது வரவே இல்ல.

நேத்து மொத பஸ்ஸப் புடிச்சேன். நேத்தா? இல்லீங்க, இன்னிக்குத்தான். தூக்கம் இல்லாம நாளே கொழம்பிப் போச்சு. அவ முந்தாநாளு இல்ல, நேத்துத்தான் கெளம்புனா. இன்னிக்குச் சனிக்கெழமைதானே? ஆமாங்க. அந்தக் குளுர்ல, அந்தப் பைக்குள்ள, ஒரு ராத்திரி நனஞ்சு கெடந்திருப்பா, மறுபடி நெஞ்சுல சளி கட்டும், நானே என்ற கையால அத வெச்சு அனுப்பிருக்கறேன்னு இதே நெனப்பு. அவளோட பைய ஒரு மஞ்சப்பைல போட்டுட்டு ஓடியாந்தேன். கோத்தகிரில எறங்கி ஜீப்புப் புடிச்சு எஸ்டேட்டு கேட்டு வரைக்கும் போனேன். அங்கிருந்து ரெண்டு மைல் ஏத்தம். இந்தச் செருப்போடதான். மஞ்சு எறங்கி எதுக்க ஆளே தெரியல.

புல்லுமேட்டுல தார்ப்பாயப் பாத்தேன். பச்சைக் கலரு. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. அதுல அவ சிரிக்கறது தனியாக் கேட்டுச்சு. நெம்ப நாளாச்சுங்க அந்தச் சிரிப்பக் கேட்டு. நான் அங்கயே நின்னுட்டேன்.

என்னையப் பாத்ததும் எந்திரிச்சா. கோவமெல்லாம் காட்டல. இவருதான் எங்கூட்டுக்காரருன்னு எல்லாத்துக்கும் சொன்னா. ரெஜினாம்மா டீ குடுத்தாங்க. நான் டீயக் கையில வெச்சுட்டுக் கேக்கறேன், நனஞ்சுட்டியா, காச்சல் இருக்குதா, இருமறயான்னு. அவ தார்ப்பாய்க்கு அடில கையக் காட்டுனா. என்ற பைய ஜிப்ப முழுசாப் பிரிச்சு, தரைல விரிப்பாப் போட்டிருக்கறா. அது மேல ஸ்லீப்பிங் பேக்க மட்டும் போட்டுப் படுத்திருக்கறா. நடு எடத்த அவளுக்கு விட்டுட்டு ரெண்டு பக்கமும் மத்தவங்க படுத்துக்கிட்டாங்களாம், சாரலு படாம. அடில ஒரு சொட்டு ஈரம் ஏறல, அதுக்கு நல்ல துணிங்கன்னு சொன்னா. நெசமாத்தான் சொன்னா.

மஞ்சப்பைல இருந்து அவளோடத எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. என்றத ஒதறிச் சுருட்டி என்கிட்டக் குடுத்தா. ரெஜினாம்மா நல்ல மனுசி. இந்நேரத்துக்கு எதுக்குங்க எறங்கறீங்க, ஒரு ஆளுக்கு எடமிருக்குது, தங்கிட்டு நாளைக்கு எல்லாத்தோடயும் போலாம்னாங்க. எனக்கும் அதே ஆசைதான். நான் கலாவப் பாத்தேன்.

"இல்லீங்க, அவரு போகட்டும்" அப்படின்னா.

கேட்டு வரைக்கும் கூட வந்தா. ரெண்டு மைலும் வந்தாளுங்க. பாதி வழில, எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா. நீ குளிச்சுட்டு இருந்தப்பன்னேன். தலய ஆட்டுனா. நான் டம்ளரு வெச்சுப் பாத்தது, தட்டுல ஆவி படிஞ்சது எல்லாத்தயும் சொன்னேன். நீ சொன்னதுதான் சரின்னு சொன்னேன். இதச் சொல்றதுக்கே இவ்வளவு தூரம் வந்தேன்னும் சொன்னேன். அவ நின்னா.

"பை கெடக்குதுங்க. உங்களுக்கு வேற ஒண்ணு சொல்லோணும். மூணு வருசமா நம்மூட்டுல நான் தூங்குனதில்ல. நீங்க எந்திரிச்சு உக்காந்து என்ற மூச்ச எண்ணறது எனக்குத் தெரியும். சித்தெ மாறுனாலும் நெத்தியத் தொடுவீங்க, வெளக்கப் போடுவீங்க, போத்திவிடுவீங்க. அதனால ஒரே அளவா மூச்சு விட்டுட்டுக் கண்ண மூடிப் படுத்திருப்பேன். நீங்க தூங்கட்டும்னு. அதுவே பழகிப் போச்சு. நேத்துத்தானுங்க நான் தூங்குனேன்."

பதினாறுங்க. நிமிசத்துக்குப் பதினாறு. எப்ப எண்ணுனாலும் பதினாறு. மூணு வருசமா ஒண்ணு கூடல, கொறையல. எவ்வளவு நல்லா இருக்கறான்னு எத்தன நாள் சந்தோசப்பட்டிருக்கறேன். செக்கிங்ல ஒரே நம்பரு திரும்பத் திரும்ப வந்தா மொதல்ல மிஷினச் சந்தேகப்படோணும். பொடிப் பசங்களுக்கெல்லாம் அதச் சொல்லிக் குடுத்தவன் நானு.

அவ அப்படிச் சொல்லி நிக்கறா, நான் என்ன பதில் சொன்னேன்னு கேளுங்க. குளுரலியான்னு கேட்டேன். வாயில அதுதாங்க வந்துச்சு.

குளுருச்சுங்க, ஆனாத் தூங்குனேன்னா.

அப்பறம் இன்னொண்ணும் சொன்னா. நாளைக்கு வந்ததும் பொண்ணு ரூம்புல கட்டிலப் போட்டு அங்க படுத்துக்கறேன்னா. கோவிச்சுக்கிட்டு இல்லீங்க, சண்டையும் இல்லீங்கன்னு அவளே சொன்னா. கட்டில ஜன்னலோரமாப் போடோணும்னா. அது மேக்கால ஜன்னலு, சாரலு நேரா அடிக்கும். நான் அத எடுத்துச் சொல்ல வாயத் தொறந்தேன். அவ பாத்துட்டு நின்னா. சரின்னேன். ஜீப்பு வந்துருச்சு. அவ திரும்பி மேல நடந்துட்டா. நல்லா ஏறறாளுங்க. மூச்சு வாங்காம ஏறறா. நான் எண்ணல, பாத்துட்டு மட்டும் நின்னேன்.

கோத்தகிரில பஸ்ஸேறுனதுல இருந்து கட்டிலக் கதவோரமாவே போட்டுடலாம், வந்து பாத்துட்டு அவ ஒண்ணும் சொல்ல மாட்டான்னுதான் நெனச்சுட்டு வந்தேன். உங்ககிட்டப் பேச ஆரம்பிக்கற வரைக்கும் அதே நெனப்புத்தான். இல்லீங்க. ஜன்னலோரமாவே போட்டுடறேன். இன்னிக்கே போட்டுடறேன். நான் ஒருத்தனே இழுத்துருவேன், பழைய தேக்குன்னாலும் சக்கரம் வெச்சது.

அந்த ரூம்புக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பா இருக்குது. பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்பறம் யாரும் போட்டதில்ல. துருப்புடிச்சு நகராது. அவ இழுத்துப் பாப்பா, நகராது, என்னையக் கூப்பிடவும் மாட்டா. அப்படியே விட்டுருவா. எனக்கு அவளத் தெரியுமுங்க. தாழ்ப்பா போட முடியலீன்னா மறுபடி ஒரு கண்ணு முழிச்சுட்டேதான் படுத்திருப்பா.

நீங்க மேட்டுப்பாளையந்தானுங்களே? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல மிஷின் எண்ணெ விக்கற கடை எதுங்க, இந்நேரத்துக்குத் தொறந்திருக்குமா?